ஐரோவின் பிறந்தநாள் படையல்: ‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’ எபிசோடைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

நெட்ஃப்ளிக்ஸில் 2024 பிப்ரவரி 22 அன்று வெளியான ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ தொடரின் நான்காம் எபிசோடில் ஓர் இறுதிச் சடங்கு வருகிறது. மகனை இழந்த தளபதி ஐரோ அசைவற்று உட்கார்ந்திருக்கிறார். வந்தவர்கள் சம்பிரதாயத்துக்குத் துக்கம் விசாரித்துவிட்டு நகர்கிறார்கள். தம்பி மகன் சூக்கோ மட்டும் அருகில் வந்து அமர்கிறான். பின்னணியில் ஒரு மெல்லிய மெட்டு ஒலிக்கிறது.

இதற்கு மூலமான, இதே பெயர் கொண்ட பழைய அனிமேஷன் தொடரைப் பார்த்தவர்கள் அந்த மெட்டு எழுந்த கணமே கலங்கிப்போனார்கள். நடிகர்கள் நடித்த தொடரில் தொடங்கிய புதியவர்களுக்கோ எதுவும் விளங்கவில்லை. அது என்ன பாட்டு, அதற்கு ஏன் இத்தனை கண்ணீர், ‘கதைக்குத் தேவையே இல்லாத எபிசோட்’ என்று சிலர் ஒதுக்கும் ஒன்றை வேறு சிலர் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றெல்லாம் கேட்கிறார்கள். விடை 2006 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான ஒரே எபிசோடில் இருக்கிறது. அதற்குப் போகுமுன் கொஞ்சம் பின்னணி தேவை.

பின்னணி: போர், நகரம், முற்றுகை

மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ இருவரும் உருவாக்கிய அனிமேஷன் தொடர் இது. நிக்கலோடியன் சேனலில் 2005 பிப்ரவரி 21 முதல் 2008 ஜூலை 19 வரை மூன்று சீசன்களாக 61 எபிசோடுகள் வந்தன. அமெரிக்கத் தயாரிப்புதான், ஆனால் வரைந்தவை கொரிய ஸ்டூடியோக்கள், கதையின் உலகம் கிழக்காசியச் சாயல் கொண்டது.

அந்த உலகில் நீர், நிலம், நெருப்பு, காற்று என நான்கு இனங்கள். ஒவ்வொன்றிலும் சிலருக்குத் தங்கள் பூதத்தை வசப்படுத்தும் கலை வாய்த்திருக்கிறது. நான்கையும் ஆளக்கூடியவர் ஒருவர் மட்டுமே, அவரே அவதார். நெருப்பு தேசம் மற்ற மூன்றின் மீதும் நூறாண்டுகளாகப் போர் நடத்திக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டிய அவதார், ஆங் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன்.

பா சிங் சே, நில ராஜ்யத்தின் தலைநகர். மதில் சூழ்ந்த நகரம். உள்ளேயும் ஏழைகளுக்கு ஒரு வளையம், நடுத்தர வர்க்கத்துக்கு ஒன்று, மேட்டுக்குடிக்கு ஒன்று என்று மதில்களால் பிரிக்கப்பட்டது. வெளியே போர் நடக்கிறது என்று பேசுவதே அங்கே குற்றம். டாய் லீ என்ற ரகசியப் போலீஸ் அதைப் பார்த்துக்கொள்கிறது.

நமக்கு முக்கியமானது ஒரு பழைய முற்றுகை. நெருப்பு தேசத்தின் பட்டத்து இளவரசராக இருந்தபோது ஐரோ இந்த நகரத்தை 600 நாட்கள் முற்றுகையிட்டார். வெளி மதிலை உடைத்தும்விட்டார். அந்தப் போரில் அவருடைய ஒரே மகன் லூ டென் இறந்தான். ஐரோ படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அரியணை தம்பி ஓசாய்க்குப் போனது.

பல ஆண்டுகள் கழித்து, தம்பி துரத்திவிட்ட சூக்கோவைக் கூட்டிக்கொண்டு அதே நகரத்துக்குள் அகதியாக, பொய்ப் பெயரில் நுழைகிறார் ஐரோ. கீழ் வளையத்தில் ஒரு தேநீர்க் கடையில் வேலை. தான் உடைக்கப் பார்த்த மதிலுக்குள், தான் பட்டினி போட்ட மக்களுக்கு, கோப்பை கோப்பையாகத் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார். எபிசோட் தொடங்கும்போது நிலைமை இதுதான்.

ஒரு எபிசோடில் ஆறு கதைகள்

‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’ இரண்டாம் சீசனின் 15ஆம் எபிசோட். வழக்கமான ஒற்றைக் கதை இதில் இல்லை. ஆறு தனிக் கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்பு அட்டை. எழுதியவர்களும் வெவ்வேறு ஆட்கள். ஐரோவின் கதை ஆண்ட்ரூ ஹியூப்னர் எழுதியது. மொத்த எபிசோடையும் இயக்கியவர் ஈத்தன் ஸ்பால்டிங்.

மற்ற ஐந்தையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கின் தோழிகளான காட்டாராவும் பார்வையற்ற டாஃபும் அழகு நிலையத்துக்குப் போகிறார்கள். திரும்பும் வழியில் சில பெண்கள் டாஃபைக் கேலி செய்கிறார்கள். ஆங் நகரத்துக்கு வெளியே ஒரு மிருகக்காட்சி சாலை அமைக்கிறான். காட்டாராவின் அண்ணன் சாக்கா தற்செயலாக ஒரு ஹைக்கூ அரங்கில் நுழைந்து வெளுத்து வாங்குகிறான். கடைசி வரியில் ஓர் அசை கூடிவிட, தூக்கி வெளியே எறியப்படுகிறான். சூக்கோ, ஜின் என்ற பெண்ணுடன் ஒரு மாலை வெளியே போகிறான். ஆங் வளர்க்கும் சிறகுள்ள லெமூர் மோமோ, காணாமல்போன பறக்கும் காட்டெருமை ஆப்பாவைத் தேடி அலைகிறது.

‘ஃபில்லர்’ என்ற குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது. மூலக்கதையை நகர்த்தாமல், ஒளிபரப்பு எண்ணிக்கையை நிரப்புவதற்காக மட்டும் வரும் எபிசோடை ரசிகர்கள் அப்படிச் சொல்வார்கள். முந்தைய எபிசோட் நகரத்தின் ரகசியத்தை உடைத்துப் பரபரப்பாக முடிந்தது. அடுத்த வாரம் உட்கார்ந்தால் அழகு நிலையமும் ஹைக்கூவும். எரிச்சல் நியாயம்தான். ஆங்கின் மிருகக்காட்சி சாலை இல்லாவிட்டால் தொடர் எதையும் இழந்திருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் மொத்த எபிசோடையும் ஃபில்லர் என்பது தவறு. மோமோவின் கதை, ஆப்பாவின் பெரிய காலடித் தடத்தில் முடிகிறது. மழைநீர் நிறையும் அந்தப் பள்ளத்தில் மோமோ சுருண்டுகொள்கிறது. ஆப்பா இந்த நகரத்துக்குள் வந்திருக்கிறது என்று பார்வையாளருக்குக் கிடைக்கும் முதல் துப்பு அது. 16ஆம் எபிசோட் முழுக்க ஆப்பா பட்ட பாடுதான். சூக்கோவின் கதை, அவனுக்கு ஒரு சாதாரண வாழ்க்கை சாத்தியம் என்று முதன்முறை காட்டுகிறது. சீசன் முடிவில் அதை அவன் உதறும்போது எதை உதறுகிறான் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

ஐரோவின் ஒரு நாள்

சண்டை என்று சொல்லத்தக்கது சில நொடி. வில்லன் இல்லை. ஒரு கிழவர் தெருவில் நடந்துபோகிறார், அவ்வளவுதான். வழியில் நான்கு இடங்களில் நிற்கிறார்.

1. கடை. ஐரோ ஒரு கூடை வாங்குகிறார். அங்கே வெயிலில் வைத்திருந்த பூச்செடியைப் பார்த்து, இதற்கு அரை நிழல்தான் பிடிக்கும் என்று நகர்த்தி வைக்கிறார். கூடை எதற்கு என்ற பேச்சு எழும்போது, ஒரு விசேஷ நாள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கதை தன் கேள்வியை முதல் அரை நிமிடத்திலேயே மேஜையில் வைத்துவிடுகிறது. பிறகு அதை நாம் மறந்துபோவதற்கான வேலையைத் தொடங்குகிறது.

2. அழும் குழந்தை. தாயின் சமாதானத்துக்கு அடங்காமல் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. ஐரோ ஒரு தந்தி வாத்தியத்தை எடுத்து மீட்டி, படைக்குப் போன சிறுவன் வீடு திரும்புவதைப் பற்றிய சின்னப் பாட்டு ஒன்றைப் பாடுகிறார். குழந்தை சிரித்து அவர் தாடியைப் பிடித்து இழுக்கிறது. நாமும் சிரித்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறோம்.

3. உடைந்த ஜன்னல். பந்து விளையாடும் பையன்கள் ஒரு ஜன்னலை உடைத்துவிடுகிறார்கள். செய்த தவற்றை ஒப்புக்கொள்வதே கௌரவம் என்று ஐரோ உபதேசம் தொடங்குகிறார். ஜன்னலில் ஒரு மலை போன்ற ஆள் கோபத்தோடு தலையை நீட்டுகிறான். ‘இந்த முறை வேண்டாம், ஓடுங்கள்’ என்று அவரும் சேர்ந்து ஓடுகிறார். எபிசோடின் நல்ல நகைச்சுவைகளில் ஒன்று.

4. வழிப்பறிக்காரன். சந்தில் ஒருவன் கத்தியை நீட்டிப் பணம் கேட்கிறான். ஐரோ அவன் கால் வைத்து நிற்கும் விதத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறார். ஒரே அசைவில் வீழ்த்திவிட்டு, சரியாக நிற்பது எப்படி என்று அவனுக்கே சொல்லிக் கொடுக்கிறார். அடுத்த காட்சியில் இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். உடம்பு பிடித்துவிடும் தொழில் செய்ய ஆசை, ஆனால் யாரும் நம்பவில்லை என்கிறான் அவன். ஐரோ நம்புகிறார்.

பிறகு நகரத்தைப் பார்த்தபடி ஒரு குன்று, அதன் மேல் ஒற்றை மரம். மரத்தடியில் துணி விரித்து, கூடையில் கொண்டுவந்ததைப் பரப்பி, ராணுவ உடையில் இருக்கும் ஓர் இளைஞனின் படத்தை நிறுத்தி, ஊதுபத்தி ஏற்றுகிறார். மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்கிறார். உனக்கு நான் உதவ முடிந்திருந்தால் என்கிறார். குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைத் தொடங்குகிறார். குரல் உடைகிறது.

ஏன் வேலை செய்கிறது: தகவல் வந்த வரிசை

சோகமான விஷயத்தைச் சொன்னால் யாரும் அழுவார்கள் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. லூ டென் இறந்த செய்தி பார்வையாளருக்குப் புதிதே அல்ல. முதல் சீசனின் இறுதிப் பகுதியில், சூக்கோ தனியே வட நீர் இனத்தின் நகருக்குள் ஊடுருவக் கிளம்பும்போது, மகனை இழந்த பிறகு உன்னைத்தான் என் மகனாக நினைக்கிறேன் என்று ஐரோ தடுமாறிச் சொல்கிறார். இரண்டாம் சீசனின் ‘சூக்கோ அலோன்’ எபிசோடில், லூ டென் இறந்துவிட்டான் என்ற கடிதம் அரண்மனைக்கு வருவதையே பார்த்தோம். அப்போதெல்லாம் யாரும் பெரிதாக அழவில்லை. அது ஒரு பாத்திரத்தின் பழைய வரலாறு, குறிப்பு, அவ்வளவே.

இந்தக் கதை புதிய தகவல் எதையும் தருவதில்லை. தெரிந்ததை மறக்கவைத்து, நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போது கையில் கொடுக்கிறது. அதற்கு மூன்று உத்திகள்.

முதலாவது, பாட்டு. முதல் முறை கேட்கும்போது அது குழந்தையை அடக்கும் வேடிக்கை. இரண்டாம் முறை மெட்டும் சொல்லும் அப்படியேதான் இருக்கின்றன. கேட்பவர் மட்டும் மாறிவிடுகிறார். வீடு திரும்பும் சிறுவன் என்று பாட்டு சொல்கிறது, திரும்பாதவனின் படம் முன்னால் இருக்கிறது. இந்தப் பாட்டை ஐரோ முதன்முதலில் யாருக்குப் பாடியிருப்பார் என்று அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. அதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இரண்டாவது, சந்தித்தவர்களின் வயது. முதலில் குழந்தை, அடுத்து தெருவில் பந்தாடும் பையன்கள், அடுத்து வாழ்க்கையில் வழி தெரியாமல் நிற்கும் வளர்ந்த ஆள். ஒரு தகப்பன் ஒரு மகனுக்கு வரிசையாகச் செய்யக்கூடியதை எல்லாம் அன்றைய தினம் ஐரோ யார் யாருக்கோ செய்துவிட்டு வந்திருக்கிறார்: அழுகையை நிறுத்துவது, நியாயம் சொல்வது, சமயத்தில் குறும்புக்குக் கூட்டு சேர்வது, நிற்கக் கற்றுக்கொடுப்பது. குன்றின் மேல் அவர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின் இவ்வளவும் அடுக்கியிருக்கிறது. திட்டமிட்டே இப்படி எழுதினார்களா என்ற வழக்கு எனக்குத் தேவையில்லை. திரையில் அந்த வரிசை இருக்கிறது.

மூன்றாவது, கதையின் இடம். ஆறில் இது இரண்டாவது. குன்றின் அந்தி மறைந்ததும் ஆங்கின் மிருகக்காட்சி சாலைக் கூத்து தொடங்கிவிடுகிறது. இந்த வெட்டு பலருக்கு உறுத்துகிறது. கடைசியில் வைத்திருந்தால் கனமாக முடிந்திருக்கும் என்பார்கள். எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஐந்தாவது கதையில் சூக்கோ அந்தப் பெண்ணோடு வெளியே கிளம்புமுன் ஐரோ அவன் தலையை வாரிவிடுகிறார். படிய வாரி, பார்ப்பதற்குக் கொஞ்சம் கோமாளித்தனமாக, சிரிக்க வைப்பதற்காகவே வரைந்த காட்சி. ஆனால் குன்றைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தச் சீப்பு வெறும் நகைச்சுவையாகத் தெரியாது. இரவு திரும்பி வந்த சூக்கோ, எப்படி இருந்தது என்று கேட்ட பெரியப்பாவின் முகத்தில் கதவைச் சாத்துகிறான். பிறகு கொஞ்சம் திறந்து, நன்றாகத்தான் இருந்தது என்கிறான். ஐரோவின் கதை கடைசியில் வந்திருந்தால் இந்தக் கதவுக்கு இத்தனை அர்த்தம் கிடைத்திருக்காது.

மாகோவுக்கு ஒரு வரி

குன்றுக் காட்சியின் முடிவில், மாகோவின் நினைவைப் போற்றி என்ற பொருளில் ஒரு வரி திரையில் வருகிறது. எபிசோடின் முடிவில் அல்ல, நடுவில். யார் மாகோ, கதாபாத்திரமா என்று புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

மாகோ இவமாட்சு ஐரோவுக்குக் குரல் கொடுத்தவர். 1933இல் ஜப்பானின் கோபே நகரில் பிறந்து, அமெரிக்காவில் வாழ்ந்த நடிகர். ‘தி சாண்ட் பெபிள்ஸ்’ படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். ஆசிய வம்சாவளி நடிகர்களுக்கு ஹாலிவுட்டில் வேலைக்காரன் வேடமும் வில்லன் வேடமும் மட்டுமே கிடைத்த காலத்தில், 1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்’ நாடகக் குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 2006 ஜூலை 21 அன்று புற்றுநோயால் இறந்தார். எபிசோட் ஒளிபரப்பானது அதற்குச் சரியாகப் பத்து வாரம் கழித்து.

இதிலிருந்து கிளைத்த ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். மாகோ இறந்ததால் அவருக்கு அஞ்சலியாக இந்தக் கதை எழுதப்பட்டது என்று பலர் சொல்கிறார்கள். வசனத்தைப் பேசியிருப்பவரே மாகோதான். ஆகவே கதையும் பதிவும் அவர் வாழ்ந்த காலத்தவை. பிறகு சேர்ந்தது சமர்ப்பண வரி மட்டுமே. மரணத்தைத் துக்கிக்கும் கதையைப் பேசியவரே அது வெளிவருமுன் போய்விட்டார் என்பது தற்செயல். அந்தத் தற்செயல் இல்லாமலும் கதை தன் காலில் நிற்கும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு விளக்கம்.

மூன்றாம் சீசனில் ஐரோவின் குரல் கிரெக் பால்ட்வினுடையது. 2012இல் வந்த தொடர்ச்சியான ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’வில் மாகோ என்று ஒரு நாயகன் வருவது இவர் நினைவாகத்தான்.

கதை தொடாத இடம்

கொண்டாடுபவர்கள் பேச விரும்பாத ஒன்றும் உண்டு. ஐரோ தன் மகனுக்காக அழுகிறார். அந்த 600 நாட்களில் மதிலுக்கு இந்தப் பக்கம் செத்தவர்களுக்கு யார் அழுதார்கள்? அவர் சமாதானப்படுத்திய குழந்தையின் தாத்தா மதிலைக் காத்துச் செத்திருக்கலாம். கதை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

‘சூக்கோ அலோன்’ எபிசோடில் முற்றுகைக் களத்திலிருந்து ஐரோ அனுப்பிய கடிதம் வாசிக்கப்படுகிறது. நகரம் அற்புதமானது, நீங்களும் ஒருநாள் பார்க்க வேண்டும், அதற்குள் நாங்கள் எரித்துவிடாமல் இருந்தால் என்று எழுதியிருக்கிறார். குடும்பமே சிரிக்கிறது. அந்த மனிதரும் பூச்செடியை நிழலுக்கு நகர்த்துபவரும் ஒருவரே. அந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒரு மரணத்தால் மட்டுமே கடக்கப்பட்டதா, எதிரியின் பிணங்கள் அதில் கணக்கில் வந்தனவா என்ற கேள்விக்கு அனிமேஷன் தொடர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. முதல் சீசனில் நில ராஜ்யப் படையினர் அவரைக் கைது செய்து, 600 நாள் முற்றுகையைக் குத்திக்காட்டும் காட்சி ஒன்று உண்டு. என் ஆட்கள் களைத்துவிட்டார்கள், நானும் களைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே சவாரி மிருகத்தின் முதுகிலிருந்து சரிகிறார். பேச்சு வேடிக்கையாகி முடிந்துவிடுகிறது.

2024 தொடர் இந்த இடத்தில்தான் துணிந்து கைவைத்தது. அதே கைதுக் காட்சியில், முற்றுகையில் சகோதரனைப் பறிகொடுத்த ஒரு படைவீரனை ஐரோவின் எதிரே நிறுத்தியது. அவன் வெறுப்புக்கு ஐரோவிடம் பதில் இல்லை. மூலத்தில் இருந்த ஓட்டை இது, அடைத்தது நல்ல காரியம்.

இனி என்ன ஆகும்

அனிமேஷன் தொடரில் இந்தச் சிறுகதையின் பலன் பின்னால்தான் வட்டியோடு வருகிறது. சீசன் முடிவில் சூக்கோ ஐரோவைக் கைவிட்டு, தங்கை அசூலாவின் பக்கம் சாய்கிறான். குன்றைப் பார்த்திருப்பவருக்கு அது வெறும் அரசியல் துரோகமாகத் தெரியாது. இரண்டாவது மகனும் போய்விட்டான் என்றே படும். தொடரின் இறுதிப் பகுதியில், பா சிங் சேவின் மதிலுக்கு வெளியே போட்ட முகாமில் சூக்கோ மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறான். முடிக்க விடாமல் ஐரோ அவனை இழுத்து அணைத்துக்கொள்கிறார். பிறகு அதே நகரத்தை, இம்முறை நில ராஜ்யத்துக்காக, நெருப்பு தேசத்திடமிருந்து மீட்கப் போகிறார்.

நடிகர்கள் நடித்த தொடரின் சிக்கல் வேறு. இரண்டாம், மூன்றாம் சீசன்களை நெட்ஃப்ளிக்ஸ் 2024 மார்ச்சில் உறுதி செய்தது. மூலத்தின் இரண்டாம் சீசனின் பிற்பகுதி பா சிங் சேவில் நடப்பது. ஆனால் லூ டென்னின் இறுதிச் சடங்கையும் அந்த மெட்டையும் முதல் சீசனிலேயே காட்டியாகிவிட்டது. கூடை எதற்கு என்று நம்மை மறக்கவைக்கும் வித்தை இனி அங்கே பலிக்காது. ஐரோ கடையில் கூடை எடுத்த உடனே பார்வையாளருக்கு விஷயம் தெரிந்துவிடும். மூலத்தை அப்படியே படம்பிடித்தால் எஞ்சுவது பழையவர்களின் நினைவு மட்டுமே. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் அந்தக் குன்றுக்கு ஐரோவை அனுப்ப வேண்டுமென்றால், சகோதரனை இழந்த அந்தப் படைவீரனைப் போன்ற ஒருவரை அங்கே அவர் எதிரே கொண்டுவருவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் 15ஆம் எபிசோடை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டாம். குறைந்தபட்சம் முதல் சீசனின் இறுதி இரண்டு எபிசோடுகளையும் ‘சூக்கோ அலோன்’ எபிசோடையும் முடித்துவிட்டு, சில நாட்கள் இடைவெளி விட்டு வாருங்கள். லூ டென் என்ற பெயர் நினைவிலிருந்து கொஞ்சம் நழுவியிருந்தால் இன்னும் நல்லது.